ஓவாசிப்பி: ஒரு சாரணர் காடும் அதன் விலையும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து சற்று உள்ளடங்கி, மஸ்கிகன் கவுண்டியின் புளூ லேக் டவுன்ஷிப் என்னும் ஊராட்சியில் ஓவாசிப்பி சாரணர் முகாம் அமைந்திருக்கிறது. காடும் ஏரிகளும் சதுப்புமாக அது ஏறத்தாழ 4,800 ஏக்கர் பரப்புடையது. 2002ஆம் ஆண்டில் அதன் உரிமையாளரான சிகாகோ வட்டாரச் சாரணர் மன்றம், அந்த நிலத்தை ஒரு தனியார் மனை வணிகருக்கு 1.94 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. விற்பனை நிறைவேறவில்லை. மன்றம் மனம் மாறியதால் அது நின்றுவிடவில்லை. கொடையாளர்களின் விருப்பத்தைக் காக்கும் சட்டம் எதுவும் குறுக்கே வரவுமில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஒரு சிறிய ஊராட்சி, நிலப் பயன்பாட்டை மாற்றித் தர மறுத்தது. அந்த மறுப்பை நீதிமன்றத்திலும் நிலைநாட்டியது. அதனால்தான் காடு நின்றது.

இலாப நோக்கற்ற இளையோர் அமைப்புகள் தம் முகாம் காடுகளை விற்பது அமெரிக்காவில் அரிய செய்தியன்று. சாரணர், சாரணியர், ஒய்.எம்.சி.ஏ., திருச்சபைகள் எனப் பல தரப்பினரும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மலிவு விலைக்கும் நன்கொடையாகவும் பெற்ற நிலங்களை வைத்திருக்கிறார்கள். நகரங்கள் அந்நிலங்களை நோக்கி வளர்ந்தன. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. பராமரிப்புச் செலவு ஏறியது. இவ்வகை விற்பனைகளில் பெரும்பாலானவை நிர்வாகக் குழுவின் ஒரே கூட்டத்தில் முடிவாகி, வேலியில் அறிவிப்புப் பலகை தொங்கும்போதுதான் வெளியே தெரியவருகின்றன. ஓவாசிப்பியில் ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்தைப் பொதுவெளியில் வைக்க வேண்டி வந்தது. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக ஆராய்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

வெட்டப்பட்ட காட்டின் மேல் வளர்ந்த காடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு மிச்சிகன் முழுவதும் மரவெட்டும் தொழிலின் களமாக இருந்தது. வெள்ளைப் பைன் மரங்கள் குளிர்காலத்தில் வெட்டப்பட்டு, பனி உருகும் பருவத்தில் ஆறுகளில் மிதக்கவிடப்பட்டு, ஏரிக்கரை அறுவை ஆலைகளில் பலகைகளாகி, கப்பலேறிச் சிகாகோவுக்குப் போயின. 1871ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்த பெருந்தீயில் அழிந்த அந்நகரம் மீண்டும் எழுந்ததில் மிச்சிகன் மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சில பத்தாண்டுகளில் பைன் தீர்ந்தது. மணற்பாங்கான அந்த நிலம் உழவுக்கும் சரிப்படவில்லை; அடிக்கட்டைகள் நிறைந்த தரிசாக மலிவு விலைக்குக் கிடந்தது.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே சிகாகோ சாரணர்களுக்கு வொயிட்ஹால் நகரத்துக்கு அருகில் இடம் அமைந்தது. ஓவாசிப்பி தன் தொடக்கத்தை 1911இலிருந்து கணக்கிடுகிறது. நாட்டிலேயே மிக நீண்ட காலம் இடைவிடாமல் நடந்துவரும் சாரணர் முகாம்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. தொடக்க ஆண்டுகளில் நகரத்துப் பிள்ளைகள் ஏரியைக் கப்பலில் கடந்து அங்கே வந்தார்கள். மன்றம் சிறிது சிறிதாக நிலம் சேர்த்தது. ஒரு காலத்தில் அதன் பரப்பு இன்றுள்ளதைவிடப் பெரிதாகவும் இருந்தது. சிகாகோ தன் வீடுகளுக்காக வெட்டித் தீர்த்த காட்டின் அடிமண்ணில், அதே சிகாகோவின் பிள்ளைகள் கூடாரம் அடித்தார்கள். அவர்கள் வந்துபோன தலைமுறைகளினூடே ஓக்கும் பைனும் மீண்டும் வளர்ந்தன. இந்த வரலாற்றை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குள் அந்த நிலம் ஒரே நகரத்தின் தேவைக்காக இரண்டாம் முறை விலைக்கு வந்தது என்பதை இது காட்டுகிறது.

அங்கே வளர்ந்திருப்பது எத்தகைய காடு என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் மர எண்ணிக்கையால் அதன் மதிப்பு விளங்காது. மேற்கு மிச்சிகனின் மணல் நிலத்துக்கே உரிய ஓக்–பைன் திறந்தவெளிகள் அங்குண்டு. மரங்கள் அடர்ந்து நெருங்காமல், இடையிடையே வெயில் தரையைத் தொடும் நிலம் அது. அவ்வெயிலில்தான் காட்டு லூபின் வளரும். கார்னர் நீலப் பட்டாம்பூச்சியின் புழு அந்த ஒரு செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. அப்பட்டாம்பூச்சியை அமெரிக்க அரசு 1992இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. சதுப்புகளை ஒட்டிய தாழ்நிலங்களில் மசசாகா என்னும் சிறிய கிலுகிலுப்பைப் பாம்பு வாழ்கிறது. ஆளைக் கண்டால் ஒதுங்கிப்போகும் இயல்புடைய அது நன்னீர் நண்டுகளின் வளைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். அதுவும் 2016இல் அழிவு அச்சத்துக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. நீர் மட்டம் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் ஆழமற்ற சதுப்புகளும் அப்பகுதிக்கு உரியவை. அட்லாண்டிக் கடற்கரையோரத்துச் செடிகளின் உறவினங்கள் அங்கே வளர்கின்றன. நீர் வற்றும் ஆண்டு வரும்வரை அவற்றின் விதைகள் மண்ணுக்குள் காத்திருக்கும்.

இத்தகைய நிலத்தில் பாதியை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மறு பாதியைப் பசுமைப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்னும் யோசனை, கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், நடைமுறையில் நிற்காது. ஓக் திறந்தவெளி நெருப்பால் நிலைபெறுவது. அவ்வப்போது தரைத்தீ ஓடாவிட்டால் மரங்கள் நெருங்கி, நிழல் மூடி, லூபின் மறைந்துபோகும். வீடுகளுக்குப் பக்கத்தில் யாரும் திட்டமிட்டுத் தீ வைத்துக் காட்டைப் பராமரிக்க முடியாது. மணல் நிலத்தில் வீட்டுக்கு வீடு அமைக்கும் கழிவுத்தொட்டிகளின் கசிவு நிலத்தடி நீர்வழியே ஏரிக்குள் இறங்கும். மெதுவாக நகரும் ஆமைக்கும் பாம்புக்கும் சாலையே எமன். ஆகவே அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி எத்தனை ஏக்கர் மிஞ்சும் என்பதன்று. மிஞ்சுவது எப்படிப் பிரிந்து கிடக்கும் என்பதே.

மன்றத்தின் நியாயம்

விற்க நினைத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நேர்மையன்று. அமெரிக்கச் சாரணர் இயக்கம் ஏறத்தாழ 250 உள்ளூர் மன்றங்களாக இயங்கியது. ஒவ்வொன்றும் தனிச் சட்ட அமைப்பு. முகாம் நிலங்கள் தேசியத் தலைமையின் பெயரில் அல்லாமல் பெரும்பாலும் அந்தந்த மன்றத்தின் பெயரிலேயே இருந்தன. வரவு செலவுக்கும் அந்த மன்றமே பொறுப்பு. சிகாகோவில் சாரணர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்துவந்தது. முகாமோ வேறு மாநிலத்தில், ஏரியைச் சுற்றிச் சாலைவழியே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஒரு காலத்தில் கோடை முழுவதும் நிரம்பி வழிந்த முகாம் பகுதிகளில் பல மூடப்பட்டன. கூரைகள், கிணறுகள், படகுத்துறைகள், சாலைகள் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் செலவு இருந்தது. சில வாரங்களே பயன்படும் காட்டைக் கட்டிக் காப்பதைவிட, அதை விற்று வரும் பணத்தை நகரத்துப் பிள்ளைகளின் பயிற்சிக்குச் செலவிடுவதே அமைப்பின் நோக்கத்துக்கு உகந்தது என்று நிர்வாகக் குழு வாதிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் தொழில்துறையினர், வழக்கறிஞர்கள் போன்றவர்கள். பயன்படாத சொத்தைப் பணமாக்குவது அவர்கள் தம் தொழிலில் நாள்தோறும் செய்யும் சரியான காரியம்.

இந்த வாதத்தில் குறை எங்கே இருக்கிறது? முகாம் வெறும் இருப்புச் சொத்து என்று எடுத்துக்கொள்வதில்தான் என்று நான் நினைக்கிறேன். காட்டில் தங்குவதும் காட்டை அறிவதும் சாரணர் பயிற்சியின் ஒரு பகுதி. அந்தப் பயிற்சி நடக்கும் இடமும் அதுவே. அதை விற்ற பணத்தைக் கொண்டு அதே பயிற்சியை நடத்த வேண்டுமானால் வேறொருவரின் காட்டுக்குத்தான் போக வேண்டும். நிர்வாகக் குழுவின் கணக்கில் இந்தச் செலவு இடம்பெறவே இல்லை. பிள்ளைகள் வராததற்குத் தொலைவு மட்டுமே காரணமா, விற்கும் எண்ணத்தோடு பராமரிப்பைக் குறைத்ததும் காரணமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். மூடும் எண்ணம் வந்தபின் எந்த நிறுவனமும் தான் மூடப்போகும் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. அதனால் பயன்பாடு குறையும். குறைந்த பயன்பாடே பிறகு மூடுவதற்கான சான்றாக முன்வைக்கப்படும். முகாம் விற்பனைகள் பலவற்றில் இந்தச் சுழல் உண்டு.

விலை எதற்குப் பேசப்பட்டது

1.94 கோடி டாலரை 4,800 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 டாலர் வருகிறது. அந்த விலை நின்ற காட்டுக்குப் பேசப்பட்டதாகத் தோன்றலாம். அவ்வாறன்று. டவுன்ஷிப்பின் விதிகளின்படி அந்த நிலம் காடு, பொழுதுபோக்கு, முகாம் போன்ற நிறுவனங்கள் ஆகியவற்றுக்கான வகைப்பாட்டில் இருந்தது. அவ்வகைப்பாடு நீடிக்கும்வரை அங்கே மனைப்பிரிவு போட முடியாது. மனை வணிகருக்கு வேண்டியது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இடம்தரும் குடியிருப்பு வகைப்பாடு. ஆகவே நிலப் பயன்பாட்டு மாற்றம் கிடைத்தால்தான் கிரயம் என்பதே ஏற்பாடு. மாற்றத்துக்கு விண்ணப்பித்ததும், மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்ததும் சாரணர் மன்றமே.

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. மனை வணிகர் காத்திருக்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம். ஊரின் கோபத்தையும் வழக்குச் செலவையும் பெயர்க்கேட்டையும் சுமந்தது இலாப நோக்கற்ற அமைப்பு. அதன் கையில் இருந்த நிலத்தின் மதிப்பில் பெரும் பகுதி இன்னும் கிடைக்காத ஓர் அனுமதியில் இருந்தது; அந்த மதிப்பைப் பெற வேண்டுமானால், தான் நூறாண்டு முகாமிட்ட ஊரை எதிர்த்து நிற்க வேண்டும். அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிய அந்நாளிலேயே மன்றம், சட்டப்படி எந்தப் பெயரில் இருந்தாலும், மனை வணிகரின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது.

புளூ லேக் டவுன்ஷிப் மறுத்தது. மறுப்பதற்கு அந்த ஊருக்குக் காரணங்கள் இருந்தன. அவ்வட்டாரத்தின் வாழ்வே காட்டையும் ஏரிகளையும் கோடை முகாம்களையும் சார்ந்தது. 1966இல் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கும் புளூ லேக் நுண்கலை முகாமும் அதே டவுன்ஷிப்பில்தான் இருக்கிறது. அருகிலேயே மனிஸ்டி தேசியக் காடும் உண்டு. இரண்டாயிரம் பேர் வாழும் இடத்தில் ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் வந்தால் ஊர் வேறொன்றாகிவிடும். சாலை, தீயணைப்பு, பள்ளி, குடிநீர் என ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பொறுப்பேற்க வேண்டும். வீடுகள் வந்தால் வரி வருமானம் கூடும் என்னும் ஆசையை மீறி ஒரு சிறிய ஊராட்சி இப்படி நின்றது பாராட்டுக்குரியது. பெரிய நகரத்து அமைப்பொன்று வழக்கறிஞர்களோடு வந்து நிற்கும்போது சிறிய ஊர்கள் பெரும்பாலும் சமரசத்துக்கு இறங்கிவிடுகின்றன. வழக்கு நடத்த அவற்றிடம் பணமில்லை என்பதே அதற்குக் காரணம்.

வழக்கில் மன்றம் வைத்த வாதத்தின் சாரம், அந்த வகைப்பாடு நியாயமற்றது, தன் சொத்துரிமையைக் காரணமின்றி முடக்குகிறது என்பது. டவுன்ஷிப்பின் பதில், அந்த நிலம் ஏற்கெனவே பயனுள்ள முறையில் பயன்பட்டு வருகிறது, முகாமாகவே தொடரலாம், அதன் இயற்கைத் தன்மையைக் காப்பது ஊரின் முறையான பொதுநலன் என்பது. வழக்கை முதலில் விசாரித்த மஸ்கிகன் சர்க்யூட் நீதிமன்றம் டவுன்ஷிப்பின் பக்கமே தீர்ப்பளித்தது. மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு நிலத்திலிருந்து கிடைக்கக்கூடிய மிக அதிகமான பணத்தைப் பெறும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்று சட்டம் சொல்வதில்லை. நியாயமான பயன்பாடு எஞ்சியிருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. நூறாண்டாக மன்றமே நடத்திவந்த முகாம், நியாயமான பயன்பாடு ஒன்று இருக்கிறது என்பதற்கு மன்றத்துக்கு எதிரான சான்றாயிற்று.

உள்ளிருந்து எழுந்த எதிர்ப்பு

ஊர் மட்டும் எதிர்த்திருந்தால் இது வழக்கமான நில வழக்காக முடிந்திருக்கும். சிகாகோ சாரணர்களுக்குள்ளேயே பெரும் பிளவு உண்டாயிற்று. சிறுவயதில் அங்கே கோடையைக் கழித்து, வளர்ந்தபின் குழுத்தலைவர்களாகி, தம் பிள்ளைகளையும் அங்கே அழைத்துப்போனவர்கள் விற்பனையை எதிர்த்தார்கள். அவர்களில் சிலர் ஓவாசிப்பி வெளிப்புறக் கல்வி மையம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, நிலத்தைத் தாங்களே வாங்கிக் காப்பாற்றி, சாரணர் முகாமையும் தொடரச் செய்யும் திட்டத்தை முன்வைத்தார்கள். மன்றம் மனை வணிகரின் ஒப்பந்தத்தையே பற்றிக்கொண்டது.

காப்பவரின் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதற்கு அவர்களின் கஞ்சத்தனம் காரணமன்று. காட்டைக் காடாகவே வைத்திருக்க விரும்புபவர், அனுமதி கிடைத்தால் நிலம் பெறும் மதிப்பை எங்கிருந்து ஈட்டித் தருவார்? அரசு மானியத்தை நாடும் நிலக் காப்பு அமைப்புகள் அதிகாரபூர்வ மதிப்பீட்டுக்கு மேல் ஒரு டாலரும் தர இயலாது. அவர்களுக்கு மதிப்பீடு, ஒப்புதல், நிதி ஒதுக்கீடு என ஆண்டுக்கணக்கில் காலமும் வேண்டும். மனை வணிகரின் முன்பணம் உடனே வரும். அதிக விலை தருபவருக்கே விற்பது தன் கடமை என்று நம்பும் நிர்வாகக் குழுவின் முன் இந்தப் போட்டி தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் அதிக விலையே கடமை என்பது உண்மையில் சட்டம் சொல்வதன்று. வணிக நிறுவனத்தின் இயக்குநர்கள் பங்குதாரர்களின் ஆதாயத்துக்குப் பொறுப்பு. அறநிறுவனத்தின் நிர்வாகக் குழு அதன் நோக்கத்துக்குப் பொறுப்பு. நோக்கத்துக்கு இசைவான வாங்குநர் ஒருவர் நியாயமான விலை தரும்போது, அதைவிட மிகுந்த விலை தரும் மற்றொருவரை மறுப்பது கடமை தவறுவதாகாது. இதைப் பல நிர்வாகக் குழுக்கள் அறிவதில்லை, அறிந்தவையும் சொல்வதில்லை. மறுபக்கம், நிர்வாகக் குழு விற்க முடிவெடுத்துவிட்டால் அதைத் தடுக்கத் தொண்டர்களுக்குச் சட்டத்தில் பெரிய பிடி இல்லை என்பதும் உண்மை. ஒஹாயோவிலும் அயோவாவிலும் சாரணியர் முகாம்களை மூடும் முடிவுகளை எதிர்த்துத் தன்னார்வலர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். நிர்வாகக் குழுவின் முடிவை நீதிமன்றம் வழியே மாற்ற அவர்களால் இயலவில்லை. கொடையின் நோக்கம் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிடலாம். எழுதப்படாவிட்டால், தன் பண்ணையைச் சாரணர்களுக்கு விட்டுச்சென்ற மூதாட்டி எண்ணியது என்ன என்பதற்குச் சாட்சியே இல்லை.

2020க்குப் பின்

ஓவாசிப்பி வழக்கு முடிந்து, 2015இல் சிகாகோ மன்றம் அண்டை மன்றங்களோடு இணைந்து பாத்வே டு அட்வென்ச்சர் மன்றமாகியது. அதற்குப் பின் முகாம் நிலங்களின் மேல் வேறு வகையான நெருக்கடி வந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்குகளின் சுமையால் அமெரிக்கச் சாரணர் தேசிய அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. 82,000க்கும் மேற்பட்டோர் தம் கோரிக்கையைப் பதிவுசெய்தார்கள். இறுதியில் 246 கோடி டாலர் அளவிலான இழப்பீட்டுத் திட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ளூர் மன்றங்களின் பங்கு, பணமும் சொத்துமாக, 50 கோடி டாலரைத் தாண்டியது. இதே காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கையும் குலைந்தது: 2019இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த சிறுவர் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் கீழே போயிற்று. பல சாரணர் குழுக்களை நடத்திவந்த மார்மன் திருச்சபை விலகியதும் பெருந்தொற்றும் அதற்குக் காரணங்களுள் சில. பல மன்றங்களிடம் விற்பதற்கு முகாமைத் தவிர வேறொன்றும் இல்லை.

இங்கே காட்டைக் காக்க விரும்புபவர்கள் மிகக் கவனமாகப் பேச வேண்டும். பிள்ளைப்பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டைவிட மரங்கள் பெரியவை என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்தக் கடன் முதற்கடன். ஆனால் அதைத் தீர்க்க நிலத்தை மனைப்பிரிவுக்காரருக்குத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. நிலக் காப்பு அமைப்புக்கோ மாநில அரசுக்கோ உள்ளூர் பூங்கா அமைப்புக்கோ விற்றாலும் இழப்பீட்டு நிதிக்குப் பணம் சேரும். ஒரு மன்றம் எவ்வளவு தர வேண்டும் என்பது தொகையாக வரையறுக்கப்பட்டிருக்கும்போது, நிலத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்ச விலை அந்தத் தொகைக்கு மேல் போனால், மிகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போவதில்லை, மன்றத்திடமே தங்கும். இந்த வேறுபாட்டை விளக்காமல் திவாலைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

கனெக்டிகட் மாநிலத்தின் கில்லிங்வொர்த்தில் டீர் லேக் முகாம், காப்பவருக்கு விற்றும் பணம் பெறலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. 255 ஏக்கர் காடு அது. மாநிலக் காடுகளை ஒட்டியது. அதன் உரிமையாளரான கனெக்டிகட் யாங்கி மன்றம் அதை விற்க முன்வந்தபோது, பழைய முகாமினர் நடத்திய பாத்ஃபைண்டர்ஸ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பும் நிலக் காப்பு அமைப்பும் விலை சொன்னார்கள். ஒரு தனியார் முதலீட்டாளர் அவர்களைவிட மிகுதியாக, 46 லட்சம் டாலருக்கு மேல் தரச் சம்மதித்தார். ஊர் கொதித்தது, அரசியல் தலைவர்கள் பேசினார்கள், வழக்கும் வந்தது. முடிவில் பாத்ஃபைண்டர்ஸ் 2022இல் 47.5 லட்சம் டாலருக்கு நிலத்தை வாங்கிக்கொண்டது. காடு காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தது சரியே. ஆயினும் கணக்கைப் பார்த்தால் ஏக்கருக்கு 18,000 டாலருக்கும் மேல். அந்த முகாமைத் தம் உழைப்பால் வளர்த்தவர்கள், அது முகாமாகவே இருப்பதற்காக, மனை விலை கொடுத்து அதை மீண்டும் வாங்க வேண்டியதாயிற்று. ஓவாசிப்பியில் ஊராட்சியின் விதி காட்டைக் காத்தது. இங்கே அதைக் காத்தது கொடையாளரின் பணப்பை. பணப்பை இல்லாத இடங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

வேறு இரண்டு முடிவுகள்

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் பௌச் முகாம் 143 ஏக்கர் பரப்புடையது. பெருநகரத்துக்கு உள்ளேயே எஞ்சிய காடு. 2009 வாக்கில் பொருளாதார நெருக்கடியில் நியூயார்க் சாரணர் மன்றம் அதை விற்க எண்ணியது. அங்கே கையாளப்பட்ட வழி, நிலத்தை விற்காமல் அதன் மேலுள்ள கட்டட உரிமையை மட்டும் விற்பது. பொதுநில அறக்கட்டளை என்னும் நிலக் காப்பு அமைப்பின் முயற்சியால் மாநில அரசு நிலத்தின் மேல் நிரந்தரக் காப்பு உடன்படிக்கையை விலைக்கு வாங்கியது. பட்டா சாரணர் பெயரிலேயே தொடர்கிறது, முகாமும் நடக்கிறது, இனி யார் கைக்குப் போனாலும் அங்கே வீடு கட்ட முடியாது. ஒஹாயோவின் ரிச்ஃபீல்டில் 336 ஏக்கர் சாரணியர் முகாமை, ஊர் மக்கள் 2014இல் வாக்களித்துத் தம் வரிப்பணத்திலிருந்து 70 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிப் பொதுப் பூங்காவாக்கினார்கள். கிர்பி வாக்குவம் கிளீனரைக் கண்டுபிடித்த ஜிம் கிர்பியின் வீடு அங்கே இருக்கிறது. 1937இல் சாரணியர் அதை வாங்கியிருந்தார்கள்.

இவ்விரண்டில் பௌச் முகாமின் வழியையே நான் சிறந்ததென்று கருதுகிறேன். காப்பு உடன்படிக்கை என்பது கிரயப் பத்திரத்தோடு பதிவாகி, நிலத்தோடு போவது. அமைப்புக்கு ஒரு தொகை கிடைக்கிறது. காட்டின் விலையிலிருந்து மனை விலை நிரந்தரமாகக் கழிந்துவிடுகிறது. அதன்பின் மனை வணிகர் கதவைத் தட்டுவதற்குக் காரணமே இல்லை. இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: நெருக்கடிக் காலத்தில் விற்றுப் பிழைக்கும் வாய்ப்பை அமைப்பு இழந்துவிடும் என்பது. உண்மைதான். காட்டைப் பிணையாக வைத்துத்தான் அமைப்பு உயிர்வாழ முடியும் என்றால், அந்தக் காடு என்றைக்கும் முகாமாக இருந்ததில்லை, தவணை கட்டப்படாத அடமானமாகவே இருந்தது என்று கொள்ள வேண்டும். அதைப் பெற்றோரிடமும் கொடையாளர்களிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

உடன்படிக்கைக்கு உகந்த காலம் நெருக்கடிக்கு முந்தைய காலம். கையிருப்பு தேய்ந்தபின் நிர்வாகக் குழுவுக்கு மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் பொறுமை இராது. காப்பு அமைப்புகளுக்கோ நிதி திரட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆகவே இன்று முகாம் வைத்திருக்கும் அமைப்புகளிடம் கேட்க வேண்டியவை மிகவும் நடைமுறை சார்ந்தவை. நிலத்தின் பத்திரங்களில் கொடையாளரின் நிபந்தனை ஏதும் இருக்கிறதா? இயற்கை வளக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறதா? விற்பனைப் பேச்சு தொடங்கும் முன் தொண்டர்களுக்கும் ஊராட்சிக்கும் நிலக் காப்பு அமைப்புகளுக்கும் அறிவிப்போம் என்று அமைப்பின் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறதா? முதலில் வாங்கும் உரிமையும் போதிய காலமும் அவர்களுக்குத் தரப்படுமா?

ஓவாசிப்பி வழக்கில் நீதிமன்றத்தில் வென்றது நிலப் பயன்பாட்டு விதி. ஆனால் ஊராட்சிக் குழு தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியது, அதன் பெரும்பான்மை விதியைத் திருத்தவும் கூடும். பத்திரத்தில் பதிவான உடன்படிக்கையை அவ்வாறு வாக்கெடுப்பால் நீக்க முடியாது. ஓவாசிப்பியின் தொண்டர்கள் தம் அமைப்பைத் தொடங்கியபோது நாடியது அத்தகைய நிலையான பாதுகாப்பைத்தான். நீதிமன்றத் தீர்ப்பு அதைத் தரவில்லை, தர அதனால் இயலவும் இயலாது.